சமையல்கட்டுக்கு வந்த கட்டுரை

எங்கள் வீட்டு மாடியறை ஒழுகும். எர்ணாகுளத்துக் கல்லூரி ஒன்றின் வழியாக ஒரு பெண் வந்து அங்கே தங்கப்போகிறாள் என்று என் கணவர் சொன்ன அன்று, யார், எதற்கு, எவ்வளவு நாளைக்கு என்று எதையும் நான் கேட்கவில்லை. "மேற்கு மூலையில சட்டி வச்சிருக்கே, அதை என்ன பண்றது?" என்றுதான் கேட்டேன்.

"சட்டியும் இருக்கட்டும், அவங்களும் இருக்கட்டும்" என்றார் அவர். யூதர்களின் பழைய தெருவான ஜூ டவுனில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் அவருக்கு வேலை. கப்பல் ஒரு வாரம் தாமதம் என்றாலும் நிம்மதியாகத் தூங்குகிற மனிதர். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமான கவலையை நான் ஒருத்தியே பட்டுக்கொண்டிருந்தேன்.

அது எண்பதுகளின் தொடக்கம். அந்தப் பெண்கள் கல்லூரியில் புதிதாக ஒரு பிரிவு ஆரம்பித்திருந்தார்கள். வெளியூரிலிருந்து படித்த பெண் ஒருத்தியை வரவழைத்து, ஒரு தெருவிலேயே தங்கவைத்து, அங்குள்ள பெண்களைப் பற்றி ஆராய்ந்து எழுதச் சொல்வது அவர்களுடைய ஏற்பாடு. இந்தத் தடவை மட்டாஞ்சேரியில் தமிழ் பேசுகிற குடும்பங்கள் உள்ள தெருவாகப் பார்த்தார்கள். கணவருடைய முதலாளியின் மகள் அந்தக் கல்லூரியில் படித்தாள். அப்படித்தான் எங்கள் மாடி அகப்பட்டது.

மட்டாஞ்சேரி ஜெட்டியில் வந்து இறங்கினாள். மதராஸ்காரி, என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள், ஒல்லி. கூலிக்காரர் தலையில் ஒரு தட்டச்சு இயந்திரம். அது காயலில் விழுந்துவிடும் என்று ஜெட்டியிலிருந்து வீடு வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். காயல் பின்னால் போய்விட்டது என்பது வீட்டு வாசலில்தான் உறைத்தது. மதராஸிலிருந்து வருகிறவள் ஆயிற்றே, என்ன சாப்பிடுவாளோ என்று மீன்சட்டியையெல்லாம் ஒளித்துவைத்துவிட்டு, கூட்டும் ரசமும் வைத்திருந்தேன். அவள் இலை முன்னால் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள்.

"அக்கா, பக்கத்து வீட்டுல கரிமீனா? நமக்கு ஒரு துண்டு கிடைக்காதா?"

பக்கத்து வீட்டில் இருந்தவர் சேச்சி. பேசுவது தமிழ்தான், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்பார்கள். ஆனால் தெருவே மலையாள வழக்கப்படி அவரைச் சேச்சி என்றும் அவர் கணவரைச் சேட்டன் என்றும்தான் கூப்பிடும். மீன் துண்டோடு வந்த சேச்சி, விருந்தாளியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டீச்சரா?" என்றார். படித்த பெண் என்றால் எங்கள் ஊரில் டீச்சர்தான். அன்று முதல் அவள் தெருவுக்கே டீச்சர்.

டீச்சர் எழுத வந்தது வீட்டுக்குள் நடக்கிற வேலையைப் பற்றி. அரைப்பது, துவைப்பது, பெருக்குவது, பிள்ளைகளைக் கிளப்புவது, மத்தியானத்தில் கடைக்குப் பப்படம் தேய்த்துக் கொடுப்பது, இதையெல்லாம் ஏன் யாரும் வேலை என்ற கணக்கில் சேர்ப்பதில்லை என்று. ஒவ்வொரு வீட்டு அடுக்களையிலும் போய் உட்காருவாள். சும்மா இருக்க மனம் வராமல் உதவி செய்வாள். அதுதான் உபத்திரவம்.

"உங்க டீச்சர் இன்னிக்கு என் பப்படத்தை ஒரு கை பார்த்தா" என்றார் சேச்சி. "அதைப் பப்படம்னா கடைக்காரன் நம்புவானா? கேரளத்தோட மேப் மாதிரி இருந்தது."

"திருவனந்தபுரம் வரைக்கும் வந்திருந்ததே சேச்சி" என்றாள் டீச்சர், மாடிப்படியில் நின்றபடி.

சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு, நான் அரிசியில் கல் பொறுக்குவேன். அவள் எதிரே உட்கார்ந்து, அன்று தட்டச்சு செய்ததைத் தமிழில் சொல்லிக் காட்டுவாள். "புரியுதா அக்கா?" என்பாள். எட்டாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு எல்லோரும் எனக்கு விஷயத்தைச் சொல்வார்கள். புரிந்ததா என்று நின்று கேட்டவர் யாருமில்லை. முதல் நாள் பயத்தில் தலையை ஆட்டினேன். இரண்டாம் நாள், "இந்த இடம் புரியலை" என்றேன். அவள் பேனாவை எடுத்து அந்த இடத்தை அடித்துவிட்டாள். ஐயோ, நல்ல பக்கத்தைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. போகப்போகப் பழகிவிட்டது. சீக்கிரமே, மத்தியானத்திலிருந்தே சாயங்காலத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். கல் இல்லாத அரிசியையும் இரண்டாம் தடவை பொறுக்கினேன்.

மூன்று மாதம் முடிகிற நேரத்தில் டீச்சர் முகம் சுருங்கியிருந்தது. கல்லூரியில் சொல்லிவிட்டார்களாம்: தெருக்காரர்களைக் கூட்டி ஒரு கூட்டம் போட வேண்டும். எழுதியதை அவர்கள் முன் வாசிக்க வேண்டும். பிரிவின் பொறுப்பாளர் மேடம் நேரில் வந்து பார்ப்பார். பெண்கள் வந்து கேட்டு, வாயைத் திறந்து பேசினால், இன்னும் ஆறு மாதம் தங்கி வேலையை முடிக்கலாம். இல்லையென்றால் பாதியில் கட்டிவைத்துவிட்டு மதராஸுக்கு ரயில்.

"வருவாங்களா அக்கா?"

"வராம என்ன?" என்றேன். சொல்லிவிட்டு, தெருவில் எத்தனை வீடு என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

டீச்சர் நோட்டீஸ் அடித்துக்கொண்டு வந்தாள். அதைத் தெருவில் கொடுத்தால் ஆள் வருமா? சர்க்கஸ்காரன்கூட நோட்டீஸ் கொடுக்கிறான். வீட்டுக்குப் போய் முறையாகக் கூப்பிட்டால்தான் எங்கள் தெருவில் வருவார்கள். ஆகவே தட்டில் குங்குமச்சிமிழ், சந்தனம், கல்கண்டு எடுத்துக்கொண்டு, சேச்சியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, நானும் டீச்சரும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். குங்குமம் கொடுத்துக் கூப்பிட்டால் என்ன சொல்லுவோமோ அதையே ஒவ்வொரு வாசலிலும் சொன்னோம்: "ஞாயிற்றுக்கிழமை, வீட்டோட வந்துடணும்." ஆண்பிள்ளைகள் வர வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? அப்படிச் சொன்னால் சண்டைக்கு வந்த மாதிரி இருக்காதா?

ஓணத்துக்கு முந்தைய ஞாயிறு. தெருக்கோடியில் கல்யாணங்கள் நடக்கிற ஹால், அதன் பின்னால் பெரிய சமையல்கட்டு. சாயாவுக்கும் பழம்பொரிக்கும் சொல்லியிருந்தோம். மழை வந்தால், கரண்ட் போனால், மைக் கத்தினால் என்று நான் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். நாலு மணிக்கு ஜனம் வரத் தொடங்கியது.

வீட்டோடுதான் வந்தது. பட்டுக்கரை வேஷ்டி, பட்டுப்புடவை, பவுடர் பூசிய குழந்தைகள். சேட்டன் வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு பெரிய பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

"சேட்டா, அது என்ன?"

"எவர்சில்வர் பேசின். வெறும் கையோட வரலாமா? பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே?"

"இது கல்யாணம் இல்லே சேட்டா. டீச்சர் பேசப்போறாங்க."

"ஓ" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேசட்டும். பின்னே சத்யை எப்போ?" என்று கேட்டார். கல்யாணச் சாப்பாட்டைத்தான் கேட்கிறார்.

சேச்சி கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். "எடீ, இத்தனை பேரை வெறும் சாயா கொடுத்தா அனுப்பறது? தெருவுக்கே நாணக்கேடு. என் வீட்டுல ரவை இருக்கு." அவ்வளவுதான். ஒருத்தி வெங்காயத்துக்கு ஓடினாள், ஒருத்தி தேங்காய்க்கு. விசேஷம் என்றால் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பின்கட்டுக்குப் போவதுதானே வழக்கம். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தனை பேரும் போய்விட்டார்கள். நாற்காலி முழுக்க ஆண்கள்.

அந்த நேரத்தில்தான் மேடம் வந்து சேர்ந்தார். கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை, சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஹாலைப் பார்த்தார்.

"ஸ்த்ரீகளொக்கெ எவிடெ?"

பெண்கள் எல்லாம் எங்கே என்கிறார். நான் பின்பக்கம் கையைக் காட்டினேன். மேடம் போய்ச் சேட்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். போச்சு, ஆறு மாதமும் போச்சு என்று நினைத்தேன். டீச்சரின் பெட்டி ஜெட்டிக்குத் திரும்பிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

டீச்சர் மைக் முன்னால் போய், "தாய்மார்களே" என்று ஆரம்பித்து, நிமிர்ந்து பார்த்தாள். வரிசை வரிசையாக மீசை. "பெரியவர்களே" என்று மாற்றிக்கொண்டாள். காகிதத்தைப் பிரித்தாள். "இந்தத் தெருவில் விடிவதற்கு முன்னால் எழுந்திருக்கிறவர்கள் யார்?" என்று முதல் வரியை வாசித்தாள்.

சேட்டன் கையைத் தூக்கினார். "நானாக்கும். கோழி கூவறதுக்கு முன்னாடி எழுந்துடுவேன்."

டீச்சர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "எழுந்து என்ன செய்வீங்க?"

"சாயா குடிப்பேன்."

"அந்தச் சாயாவைப் போட்டது ஆரு?" என்று சமையல்கட்டு ஜன்னலிலிருந்து சேச்சியின் குரல் வந்தது. பின்கட்டே சிரித்தது. அந்தச் சிரிப்பு ஹாலைத் தாண்டி ரோட்டுக்குக் கேட்டிருக்கும்.

டீச்சர் மைக்கைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். காகிதங்களை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மேடையை விட்டு இறங்கி, ஹாலின் பக்கவாட்டுக் கதவு வழியாகச் சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். நானும் பின்னால் ஓடினேன்.

கவிழ்த்து வைத்த உருளி ஒன்றில் உட்கார்ந்து, அவள் முதலிலிருந்து வாசித்தாள். சுற்றிலும் வெங்காயம் நறுக்குகிறார்கள், தேங்காய் துருவுகிறார்கள். வாசித்ததெல்லாம் அவர்களுடைய மத்தியானங்கள். நறுக்குகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"அந்தப் பப்படக்காரி நானல்லவா?" என்றார் சேச்சி.

"பேர் போடலையே சேச்சி."

"பேர் போடாட்டி என்ன, என் தோள் வலியைப் போட்டிருக்கியே. ராத்திரி திரும்பிப் படுக்கும்போது வலிக்கும்னும் எழுதிக்கோ. அதை டாக்டர்கிட்டகூடச் சொன்னதில்லே."

ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். குழாயடி மாதிரி ஒரே சத்தம். நடுவில், சுவரோரமாகக் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த ஒரு பெண், சமீபத்தில் கல்யாணமாகி வந்தவள், மெதுவாகக் கேட்டாள்:

"டீச்சர், எங்க மாமியாரும் இங்கதான் இருக்காங்க, இருந்தாலும் கேக்கறேன். பகல்ல கொஞ்சம் உக்காரணும்னா யார்கிட்ட கேக்கணும்?"

அவள் மாமியார் தேங்காய்த் துருவுபலகையிலிருந்து எழுந்தாள். துருவிய தேங்காயை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பலகையைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள். "இதுல இரு" என்றாள். அந்தப் பெண் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு பேச்சு இன்னும் வேகமாகப் போனது.

எனக்கு மட்டும் மூக்கில் ஏதோ உறைத்தது. "உப்புமா! உப்புமா அடிப்பிடிக்குது!"

யாரும் திரும்பவில்லை. ஆனால் வாசனை ஹாலுக்குப் போய்விட்டது. கதவருகே சேட்டனும் நாலைந்து ஆண்களும் வந்து எட்டிப்பார்த்தார்கள்.

"என்னடீ, கரியுதே" என்றார் சேட்டன்.

"கரியறது தெரியுதில்லே? வந்து கிண்டுங்கோ" என்றார் சேச்சி, தலையைத் திருப்பாமலே. "நாங்க இங்க ஒரு காரியமா இருக்கோம்."

ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் கணவர்தான் முதலில் வேஷ்டியை மடித்துக்கட்டினார். மிளகு மூட்டைகளுக்கு நடுவே நடப்பது போல நிதானமாக நடந்து வந்து, அடுப்பை அணைத்து, கரண்டியை எடுத்தார். சேட்டன் பட்டுக்கரை வேஷ்டியோடு இலை போட்டார். எங்கள் தெருவில் ஆண்கள் பரிமாறுவது புதிதல்ல, கல்யாணத்தில் பரிமாறுவார்கள். ஆனால் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, பின்கட்டிலேயே, கேட்டுக் கேட்டுப் பரிமாறியது அன்றுதான். அடிப்பிடித்த உப்புமாவை ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை. கிண்டியவர்கள் அவர்கள் ஆயிற்றே.

மேடம் எப்போது உள்ளே வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்து, கையில் இலைத்துண்டோடு, சேச்சியிடம் தோள் வலிக்கு ஏதோ தைலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் குடை பிடித்து அவரை ஜெட்டி வரைக்கும் கொண்டுவிட நான் போனேன். டீச்சரை யாரும் விடவில்லை. வழியெல்லாம் குடையை அவர் பக்கமே சாய்த்துக்கொண்டு நடந்தேன். போட் வருவது தெரிந்த பிறகு மேடம் என் பக்கம் திரும்பினார்.

"ஆ மாடியறை, இனியும் ஆறு மாசம் கிட்டுமோ? குட்டிக்கு சுகமாயிட்டு இருக்குமோ?"

இன்னும் ஆறு மாதம் கிடைக்கும், அந்தப் பெண்ணுக்குச் சுகமாக இருக்கும் மேடம் என்று சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் மூன்று மாதமாக மனதில் கிடந்தது முந்திக்கொண்டது.

"ஒழுகும்" என்றேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்ஙடெ காலேஜும் ஒழுகும்" என்றார். "பாத்ரம் வைக்கான் உண்டல்லோ?"

"சட்டி உண்டு மேடம்."

"எங்கில் மதி" என்று போட்டில் ஏறிவிட்டார். அப்படியென்றால் அது போதும் என்று அர்த்தம்.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னபோது டீச்சர் என் இரண்டு கையையும் பிடித்துச் சுற்றினாள். "இதுக்காவது சந்தோஷப்படு" என்றார் என் கணவர், உப்புமாக் கறையோடு. சந்தோஷம்தான். ஆனால் ஆறு மாதம் என்றால் நடுவில் ஐப்பசியில் துலாமழை வருகிறதே. இடியும் காற்றுமாக அது வந்தால் மேற்கு மூலை மட்டுமா, தட்டச்சு இயந்திரம் இருக்கிற கிழக்கு மூலையும் ஒழுகுமே?

அதற்கும் வழி பிறந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் இல்லாத கூட்டத்தில் பரிசை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், சேட்டன் பொட்டலத்தை டீச்சர் கையிலேயே திணித்திருந்தார். திருப்பிக் கொடுத்தும் வாங்கவில்லை. துலாம் பிறந்ததும் அந்த எவர்சில்வர் பேசினைக் கிழக்கு மூலையில் வைத்தோம். மண்சட்டியில் சொட்டுவது ஒரு சத்தம், பேசினில் சொட்டுவது வேறு சத்தம். இரண்டுக்கும் நடுவில் டீச்சர் தட்டச்சு செய்துகொண்டிருப்பாள். கீழே நான் அரிசியை எடுத்துவைத்துக்கொண்டு, அவள் எப்போது இறங்கி வருவாள் என்று படியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.