பூட்டிய ஷெட்டிலிருந்து வந்த தாளம்

இன்று சாயங்காலம் விருத்தாசலம் கோடை இசை விழாவில், சினிமாப் பாட்டே வாசிக்காத புதுச்சேரி பேண்டு ஒன்றைக் கேட்டேன். டிரம்மர் நம்மூர் பீங்கான் கப்புகளை வரிசையாக வைத்துத் தட்டினார்.

பாட்டு முடிந்தது. தட்டும் சத்தம் நிற்கவில்லை.

மேடைக்குப் பின்னால், பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் பீங்கான் ஷெட்டிலிருந்து வந்தது.

பக்கத்தில் நின்ற செல்வி அக்கா பீங்கான் கம்பெனியில் வேலை பார்ப்பவர். "ஒவ்வொரு கப்பா தட்டிப் பாக்குறாங்க. நல்ல கப்புன்னா கணீர்னு கேக்கும், விரிசல் வுட்டிருந்தா மொத்துன்னு கேக்கும்" என்றார்.

"உள்ள யாருமே இல்லையேக்கா?"

"அதான் எனக்கும் புரியல."

கணீர் கணீரென்று வந்த சத்தம் ஒருமுறை மொத்தென்று கேட்டு நின்றது. அதே நொடி மேடையில் டிரம்மர் எடுத்த கப்பு கையிலேயே இரண்டாகப் பிளந்தது. கூட்டம் கைதட்டியது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து டீ கப்புகளைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் எல்லாம் கணீர்தானே?