காண்டாக்ட்டும் காண்ட்ராக்ட்டும்

கொரோனா வந்த வருஷம் எங்கள் தொழிற்சங்கத்துக்கு நான்தான் செயலாளர். பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கட்டுமானக் கம்பி செய்கிற ஒரு ஆலையில் எல்லோரையும் போல எனக்கும் ஷிப்ட் உண்டு. அதற்கு மேல், யாருக்கு எது நடந்தாலும் முதல் வசவை வாங்கிக்கொள்கிற வேலையும் உண்டு.

ஊரடங்கு முழுசாக முடிவதற்குள்ளேயே ஆலையைத் திறந்துவிட்டார்கள். அத்தியாவசியத் தொழிலாம். அந்த நேரத்தில் கம்பி இல்லாமல் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்டில் கூட்டம் போட முடியாததால் வாட்ஸப்பிலேயே கத்தினோம். முகக்கவசம், சோப்பு, கம்பெனி பஸ்ஸில் சீட்டுக்கு ஒருத்தர், காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு என்று ஒவ்வொன்றையும் நிர்வாகத்திடம் மல்லுக்கட்டித்தான் வாங்கினோம். வாங்கியதெல்லாம் மெம்பர்களுக்கு மட்டும். மெம்பர் என்றால் பெர்மனென்ட் ஆட்கள். காண்ட்ராக்ட் ஆட்களையும் சங்கத்தில் சேர்ப்போம் என்று நான் பொதுக்குழுவில் வாயைத் திறந்தால், சரியாக அப்போதுதான் எல்லோருக்கும் டீ ஞாபகம் வரும்.

எங்கள் கிரேன் ஆபரேட்டருக்கு பாசிட்டிவ் என்று தெரிந்த அன்று, சுகாதார ஆய்வாளர் ஆலைக்கு போன் செய்திருக்கிறார். எடுத்தது வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸ்காரர். பின்னால் மில் ஓடுகிற சத்தம், இரண்டு பக்கமும் வாயை மூடிய துணி. “அவரோட காண்டாக்ட் எல்லாரையும் உடனே தனிமைப்படுத்துங்க” என்று அவர் சொல்ல, இவர் காதில் “காண்ட்ராக்ட் எல்லாரையும்” என்று விழுந்திருக்கிறது. காண்டாக்ட் என்கிற வார்த்தை அப்போது புதுசு. எங்கள் ஆலையில் இத்தனை வருஷமாக எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை காண்ட்ராக்ட்தான்.

நான் வெளியே வந்தபோது காண்ட்ராக்ட் ஆட்களை செக்யூரிட்டிகள் கேட்டுக்கு வெளியே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மில்லில் பெருக்கித் துடைக்கிற பெண் ஒருத்தி, புதுவாயல் பக்கம் அவள் வீடு, என்னைப் பார்த்ததும் நின்றாள்.

“இன்னாணா, எங்களுக்கு இன்னா வந்துச்சுன்னு தொரத்துறாங்க?”

கிரேன்காரரை அவள் கிட்டே போய்ப் பார்த்தது கூடக் கிடையாது. எங்கள் கேன்டீன் ஹாலில் பெர்மனென்ட் ஆட்கள்தான் உட்காரலாம். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஷீட் கொட்டகை. கிரேன்காரரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து, அவர் டப்பாவிலிருந்து கருவாட்டுக் குழம்பு வாங்கித் தின்றவர்கள் நாங்கள். நானும்தான். நாங்கள் உள்ளே கம்பி உருட்டிக்கொண்டிருக்கிறோம், அவர்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

நானே ஆய்வாளருக்கு போன் போட்டேன். “காண்டாக்ட்டுங்க, காண்டாக்ட்! கூட ஒக்காந்து சாப்ட்டவங்க!” என்று அந்த மனிதர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அதை எச்.ஆர். அதிகாரியிடம் சொன்னேன். அவர் கொஞ்சம்கூட அசரவில்லை.

“அனுப்பினது அனுப்பினதாவே இருக்கட்டும் தலைவரே. உங்க ஆளுங்களையும் அனுப்பிட்டா மில்ல யாரு ஓட்றது?”

அவரைக்கூட மன்னித்துவிடலாம். சம்பளம் வாங்குகிற வாய் அப்படித்தான் பேசும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது சைக்கிள் ஸ்டாண்டில் எங்கள் ஆட்கள் பேசியதைக் கேட்டுத்தான். ஓவர்டைம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரம் அது.

“யாரோ தப்பா கேட்டுக்கினாங்க, உட்டுத் தள்ளு தலைவரே. நீ ஏன் நோண்டிக்கினு கீற?”

“நம்மள இஸ்துக்கினு போய் காலேஜ்ல அடைச்சிருவாங்கப்பா. ஊட்ல பசங்க பயந்துரும்.”

“அவங்க மெம்பரா? நாங்க மெம்பரு. சங்கம் யாருக்கு, அத்த மொதல்ல சொல்லு.”

உங்கள் வீட்டுப் பசங்களுக்கு நோயை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன் என்று தொண்டை கிழியக் கத்தினேன். மெம்பர்களைக் காப்பாற்றுவது என்றால் அவர்கள் கேட்பதற்கெல்லாம் தலையாட்டுவது என்று யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது? ஆய்வாளரிடம் முதலில் என் பேரைச் சொன்னேன். பிறகு எங்கள் மேஜையில் உட்கார்ந்த ஒருவர் விடாமல் சொன்னேன்.

வேன் வந்து எங்களை ஒரு இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலுக்கு அள்ளிக்கொண்டு போனது. அங்கே ஒரு பயலும் என்னோடு பேசவில்லை. மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் பார்த்ததில், சைக்கிள் ஸ்டாண்டில் என்னிடம் அதிகமாகக் குதித்தவருக்கே பாசிட்டிவ். அவரை ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள், நல்லபடியாகத் தேறினார். அதன் பிறகும் அவர் என்னோடு பேசவில்லை.

வெளியே காண்ட்ராக்ட் ஆட்களின் கதை வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் போனில் சொல்லித்தான் தெரியும். கம்பெனியே கொரோனா என்று அனுப்பிவிட்டதாக ஊரில் பேச்சாகி, அவள் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள். தெருக்குழாயில் அவள் குடத்தை வைக்க விடவில்லை. டெஸ்ட் எடுக்கவும் யாரும் வரவில்லை. காண்டாக்ட் பட்டியலிலேயே இல்லாதவர்களுக்கு எப்படி எடுப்பார்கள்? இதற்குள் காண்ட்ராக்டர் வேறு ஆட்களைப் பிடித்து அவர்கள் வேலையில் போட்டுவிட்டார். திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதுதான் அவளுடைய ஒரே கேள்வி. வீட்டுக்காரர் சம்பாத்தியம் ஊரடங்கோடு நின்றுபோயிருந்தது.

எச்.ஆருக்கு போன் செய்தால், அது காண்ட்ராக்டர் விவகாரம் என்றார். காண்ட்ராக்டரைப் பிடித்தால், கம்பெனி சொன்னால் எடுப்பேன் என்றார். எங்கள் மாவட்டத் தலைமை, முதலில் மெம்பர் பிரச்சினையை முடி, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றது. இந்தப் ‘பிறகு’ என்கிற வார்த்தையை யாராவது அகராதியிலிருந்தே எடுத்துப் போட்டால் தேவலை.

மெம்பர் பிரச்சினையை முடித்தோம். ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து போனிலேயே சண்டை போட்டு, தனிமையில் இருக்கிற நாட்களுக்கு முழுச் சம்பளம், வெளியே வந்ததும் அவரவர் வேலை அவரவருக்கு என்று நிர்வாகத்தை ஒப்புக்கொள்ள வைத்தேன். குரூப்பில் போட்டதும் கைதட்டுகிற பொம்மைகளாக வந்து விழுந்தன. அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவர்கள் ‘தலைவரே, டீ சாப்ட்டியா?’ என்று ஆரம்பித்தார்கள். எனக்கு அந்த டீ இறங்கவில்லை.

மறுநாள் அவள் போன். விஷயம் எப்படியோ அவளுக்கும் போயிருந்தது.

“அண்ணா, காண்டாக்ட்டுக்கு சம்பளமும் குடுத்து வேலையும் குடுக்கறாங்களாமே? என் பேரையும் காண்டாக்ட்டுன்னே எழுதிக்கச் சொல்லுங்கணா. அந்த ரெண்டு வார்த்தையும் ஒரே மாரிதான கீது.”

கிண்டலாக இருந்தால் சிரித்துத் தொலைத்திருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள். காண்டாக்ட் என்றால் அப்படி இல்லைம்மா, நோய் வந்தவரோடு ஒன்றாக உட்கார்ந்தவர்கள், ஒன்றாகச் சாப்பிட்டவர்கள், அவர்களுக்குத்தான் அது என்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

“ஒன்னா ஒக்கார நீங்க எங்கணா உட்டீங்க?” என்றாள்.