ஆறு காக்கி மேசை

பொருள்களை விவரித்து எழுதுவதுதான் ஞானாம்பிகைக்கு வேலை. கெலுகோரில் உள்ள பல்கலைக்கழக நூலகத்தில் இருபத்திரண்டு வருடமாக எழுத்தராக இருந்தாள். புதிதாக ஒரு புத்தகம் வந்தால் அளவுகோல் வைத்து உயரம் பார்ப்பாள், பக்கங்களை எண்ணுவாள், கிழிசல் இருந்தால் எங்கே என்று குறிப்பாள். ‘சில பக்கங்கள் இல்லை’ என்று மற்றவர்கள் எழுதும் இடத்தில், எந்தெந்தப் பக்கங்கள் இல்லை என்று அவள் எழுதுவாள். அப்படிப்பட்டவள் 1998இல் கண்ணால் பார்க்காத ஒரு மேசைக்குப் பணம் கட்டி விழித்தாள் என்றபோது நூலகத்தில் யாரும் முதலில் நம்பவில்லை.

மேசை அவளுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. சனி ஞாயிறுகளில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பாள். திரைத் துணியைத் தரையில் விரித்து வெட்டி வெட்டி முழங்கால் தேய்ந்துபோனது. ஆறடி மேசை ஒன்று இருந்தால் நின்றபடியே வெட்டலாம். புது மேசை விலையைக் கேட்டுவிட்டுக் கடையிலிருந்து வாங்காமல் திரும்பியிருந்தாள்.

பல்கலைக்கழகத்துக்குள் அப்போது இணையம் வந்திருந்தது. ஊழியர்களும் மாணவர்களும் பழைய சாமான்களை விற்கவும் வாங்கவும் கணினியில் ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. படம் போட வசதி கிடையாது. நாலு வரி எழுத்துதான். ஒரு மதியம் அதில் மலாயில் ஒரு விளம்பரம் வந்தது. ‘மேஜா ஜாத்தி. எனாம் காக்கி. மாசே எலோக்.’ தேக்கு மேசை, ஆறு காக்கி, இன்னும் நன்றாக இருக்கிறது. போட்டவர் யூசுப், பொறியியல் கூடத்துத் தொழில்நுட்பர்.

ஞானாம்பிகை இரண்டு கேள்விகள் அனுப்பினாள். கரையான் அரித்திருக்கிறதா? எப்போது அனுப்ப முடியும்? கரையான் இல்லை, மேசை அக்கரையில் இருக்கிறது, சனிக்கிழமை லாரி இந்தத் தீவுக்கு வருகிறது என்று பதில் வந்தது. அன்றே யூசுப்பின் வங்கிக் கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டாள்.

சனிக்கிழமை டத்தோ கிராமாட்டில் இருந்த அவள் வீட்டு வாசலில் லாரிக்காரர்கள் மேசையை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். வழவழப்பான தேக்கு. அளவு நாடாவை வைத்தாள். நாலடி இரண்டு அங்குலம். நாடாவைத் திருப்பிப் பிடித்து மறுபடியும் அளந்தாள்.

அவள் கணவர் குலசேகரம் குனிந்து கால்களை எண்ணினார்.

“ஆறு காக்கி சரியாத்தானே இருக்கு” என்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மலாயில் காக்கி என்றால் அடி. காக்கி என்றால் காலும்தான். அவள் அளவைப் படித்திருக்கிறாள். வந்திருப்பது ஆறு கால் உள்ள மேசை.

“சண்டை போடலையா?” என்று கேட்டார் குலசேகரம்.

“போடலாம். அதுக்கு முந்தி ஒண்ணு தெரியணும். நாலடி மேசைக்கு எதுக்குங்க ஆறு கால்?”

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. திங்கட்கிழமை, ஏமாந்த வாடிக்கையாளர்களுக்கு உதவும் பயனீட்டாளர் சங்கத்துக்கு ஃபோன் செய்தபோதும் பாதி மனம் அதில்தான் இருந்தது. அங்கே திருநாவுக்கரசு என்பவர் பொறுமையாகக் கேட்டார்.

“விளம்பரத்தை பிரிண்ட் எடுத்து வச்சிருக்கீங்களாக்கா?”

“இருக்கு.”

“நீளம் எவ்வளவுன்னு கேட்டீங்களா?”

“இல்ல.”

“அவர் பொய்யும் சொல்லல, தெளிவாவும் சொல்லல. கடைன்னா ஒரு மாதிரி பேசலாம். தனி ஆள் கிட்ட வாங்கினா வழக்கு கஷ்டம்லா. அவர் எழுதினது, நீங்க கேட்டது, அவர் சொன்ன பதில், எல்லாத்தையும் பத்திரமா வச்சுக்குங்க. மேசைல ஒரு கீறல் விழக்கூடாது. ஃபோட்டோ எடுங்க. அப்புறம் அவர்கிட்ட நேர்ல பேசுங்க. சரிவரலன்னா இங்க வாங்க.”

படம் எடுக்க வேண்டுமே என்று அன்று மாலை டார்ச்சுடன் மேசைக்கு அடியில் புகுந்தாள். ஓரத்துக் கால்கள் நாலும் கனமானவை. நடுவில் இருந்த இரண்டும் சற்று மெலிந்தவை. மேல் பலகை நடுவில் இரண்டாகப் பிரிந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் அந்தக் கோடு மரத்தின் ரேகை போலத்தான் தெரியும். கோட்டின் குறுக்கே அடியில் இரண்டு மரச் சட்டங்கள் ஓடின. குலசேகரத்தை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை அவள் இழுத்தாள். மேசை முனகிக்கொண்டே இரண்டு பக்கமும் விலகியது. நடுவில் ஒன்றரை அடிக்கு மேல் வெற்றிடம். அதன் ஒரு ஓரத்தில் பித்தளை முளைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன, பொருந்த எதுவும் இல்லாமல்.

“ஒரு பலகை இருந்திருக்கு” என்றாள். “இழுத்தா நடுவுல தொய்யக்கூடாதுன்னுதான் அந்த ரெண்டு கால்.”

மறுநாள் மதியம் யூசுப்பைத் தேடிப் போனாள். அவருக்கு முப்பது வயது இருக்கும். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“தம்பி, திட்ட வரல. எந்தக் காக்கிய மனசுல வச்சு எழுதினீங்க?”

“காலத்தான்க்கா. எல்லா வீட்லயும் நாலு கால் மேசைதான் இருக்கு. இதுக்கு ஆறு. அதப் போட்டா ஆள் வரும்னு நெனச்சேன்.” கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். “யாராச்சும் அடின்னு எடுத்துக்குவாங்களோன்னு தோணுச்சு. தோணியும் மாத்தல. வேணாம்னா சொல்லுங்க, நானே லாரி புடிச்சு வந்து எடுத்துக்கிறேன். காசும் திருப்பித் தந்துடறேன்.”

அவர் இப்படி ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தயாரித்து வைத்திருந்த பேச்செல்லாம் பயனற்றுப் போனது.

“அத அப்புறம் பாக்கலாம். நடுவுல ஒரு பலகை இருக்கணுமே, அது எங்க?”

யூசுப்புக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மேசை அக்கரையில் கெப்பாலா பத்தாஸில் இருக்கும் அவர் மாமியாருடையது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் அங்கே போனார்கள். குலசேகரமும் வந்தார். சித்தி ஹாஜரா என்ற அந்த மாமியார் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனார். இரண்டு செங்கல் அடுக்குகளின் மேல் ஒரு பலகை கிடந்தது. அதன்மேல் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது.

“இதா? இது மேசையோடதுன்னு மறந்தே போச்சு. பதினஞ்சு வருஷமா கருவாடுதான் காயுது” என்றார்.

ஞானாம்பிகை கருவாட்டைத் தானே ஒதுக்கிவிட்டுப் பலகையின் விளிம்பைத் தடவினாள். துளைகள் இருந்தன. எண்ணினாள். மேசையின் முளைகளுக்குச் சரியாக வந்தது.

பலகையைக் காரின் மேல் கட்டிக் கொண்டுவந்து தேய்த்துக் கழுவி மாட்டினார்கள். நிறம் வெளுத்து, ஒட்டுப்போட்ட மாதிரி தெரிந்தது. நீளம் ஐந்தடி ஒன்பது அங்குலம். திரை வெட்ட அது போதும். மேசையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வாசனை மட்டும் போக மறுத்தது. வெள்ளிக்கிழமை விரத நாளில் குலசேகரம் அந்தப் பக்கமே போகமாட்டார்.

அறிவிப்புப் பலகையை நடத்தியவருக்கு ஞானாம்பிகை ஒரு நீண்ட கடிதம் அனுப்பினாள். அளவைச் சென்டிமீட்டரில் போட வேண்டும். என்ன குறை, எந்தப் பாகம் இல்லை என்று எழுத வேண்டும். வாங்குகிறவர் பார்த்த பிறகே பணம் தர வேண்டும். சொன்னதற்கு மாறாக இருந்தால் மூன்று நாளில் திருப்பித் தரலாம். முதல் மூன்றையும் அவர் ஏற்றுக்கொண்டார். நாலாவது மட்டும் முடியாது, இது கடை இல்லை என்றார். நாலைந்து கடிதங்கள் போய் வந்தபின், திருப்பி எடுப்பாரா மாட்டாரா என்று விற்பவர் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும் என்ற அளவுக்கு இறங்கினார். அவளுக்கு அது முழுத் திருப்தி இல்லை.

அதற்குப் பிறகு சாமான் வாங்குகிற மாணவர்கள் விளம்பரத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் வரத் தொடங்கினார்கள். ஒரு முறை ஒரு மாணவி பழைய தட்டச்சு இயந்திரம் ஒன்றின் விளம்பரத்தைக் காட்டினாள். அதை விற்பவர் எல்லா விதிகளையும் மதித்து நீளம், அகலம், எடை எல்லாம் போட்டிருந்தார். குறை என்ற இடத்தில், ‘ஒரே ஒரு எழுத்து மட்டும் விழாது’ என்று இருந்தது.

“ரொம்ப மலிவு ஆண்ட்டி. ஒரு எழுத்துதானே. எடுத்துடவா?”

“எந்த எழுத்துன்னு கேட்டியாம்மா?”

கேட்டு எழுதினார்கள். மாலையில் பதில் வந்தது. ‘a’ என்று இருந்தது. மலாயில் ‘நான்’, அதாவது ‘saya’, என்று அடிக்கக்கூட இரண்டு ‘a’ வேண்டும். அந்தப் பெண் அடுத்த விளம்பரத்தைத் திறந்தாள்.