வலமாக ஓடுகிறவள்

காலையில் ஓடப்போக மாமியார் இரண்டு நிபந்தனைகள் வைத்திருந்தார். கோயிலைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களைத் தாண்டக்கூடாது. ஓட்டமென்றாலும் வலமாகத்தான் சுற்றவேண்டும். எந்தத் தெருவில் ஓடினாலும் என் கைக்கடிகாரத்தின் திசைகாட்டி வடக்கு என்றே காட்டியது.

“ஓடறச்சே கை ஆடறதோல்லியோ, நின்னு பாரு” என்றார் கணவர்.

மறுநாள் மேலைத்தெருவில், தெருக்களைச் சூழ்ந்த கோட்டையின் மேற்கு வாசலைப் பார்த்து நின்று, கையை மட்டமாக நீட்டினேன். மேற்கு என்று சரியாகக் காட்டியது. வாசலைத் தாண்டி நேரே போனால் சங்குமுகம் கடற்கரை.

“ஏண்டி நின்னுட்டே? ஒன் மாமியார் தேடுவாளே” என்றாள் எதிர்வீட்டு மாமி.

வலப்பக்கம் திரும்பி வடக்கே ஓடினேன். கடிகாரம் மறுபடி வடக்கு என்றது. பாழாய்ப்போன கருவி, அந்த ஒரு தெருவில் மட்டும் உண்மை சொல்கிறது.