மிகுதியை வெள்ளித்திரையில் காண்க

இன்று நான் சம்பளம் வாங்குவதே சினிமாத் தொழிலையும் அதன் ரசிகர்களையும் ஆராய்வதற்குத்தான். தொண்ணூறுகளின் நடுவில், பல்கலைக்கழகக் கடைசி வருட ஆய்வுக்கு வன்னியின் சினிமா ரசிகர்கள் என்று தலைப்புக் கொடுத்தபோது என் விரிவுரையாளர் சிரித்துவிட்டார். சண்டையால் அங்கே கரண்டும் இல்லை, தியேட்டரும் இல்லை, ரசிகரை எங்கே பிடிக்கப் போகிறீர் என்று கேட்டார். விடுமுறை முடிவதற்குள் ஒரு நல்ல ரசிகரையாவது காட்டாவிட்டால் தலைப்பை மாற்றவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

கனகராயன்குளத்துக்கு வீடு திரும்பி, வினாக்கொத்தும் கையுமாக ஊர் முழுக்கச் சைக்கிள் உழக்கினேன். எல்லோரும் ஒரே ஆளைத்தான் காட்டினார்கள். சின்ன வயதில் மலையகத்திலிருந்து தகப்பனோடு வந்து, மிளகாய்த் தோட்டத்தில் வேலை செய்த ஓர் அக்கா. எந்தப் படத்தின் கதையைக் கேட்டாலும் சொல்லுவாராம். ஓடிப்போய், இதுவரை எத்தனை படம் பார்த்திருக்கிறீர்கள் என்ற முதற் கேள்வியைக் கேட்டேன்.

"ஒன்னும் பார்த்ததில்ல, தங்கச்சி."

என் ஆய்வு அதோகதிதான் என்று நினைத்தேன். அக்கா என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய் றங்குப் பெட்டியைத் திறந்தார். உள்ளே தகப்பன் கொண்டுவந்த பழைய பாட்டுப் புத்தகங்கள். தியேட்டர் வாசலில் விற்கும் அந்த மெல்லிய புத்தகங்களில் பாட்டுகளோடு கதைச் சுருக்கமும் இருக்கும். முடிவு மட்டும் இருக்காது. மிகுதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டு ஆளைத் தியேட்டருக்கு இழுக்கிற தந்திரம் அது. அக்காவுக்குத்தான் தியேட்டர் இல்லையே. அதனால் ஒவ்வொரு படத்தின் மிகுதியையும் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் தானே எழுதி, அந்தந்தப் புத்தகத்தோடு ஊசிநூலால் தைத்து வைத்திருந்தார். இவரைப் போல ஒரு ரசிகரை அதன்பிறகு எந்த நாட்டிலும் நான் காணவில்லை.

அவற்றில் ஒரு படம் நான் பத்து வயதில் யாழ்ப்பாணத்தில் பார்த்தது. வாய் சும்மா இராமல் அதைச் சொல்லிவிட்டேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. கதாநாயகி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடப்பதோடு அந்தக் கதைச் சுருக்கம் நின்றிருந்தது. அதற்கு மட்டும் மூன்று முடிவுகள் எழுதியிருந்தார். இத்தனை வருடமும் அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் கவலை என்றார்.

"உண்மையச் சொல்லுங்க தங்கச்சி. அந்தப் பொண்ணு பொழச்சிருச்சா?"

அவள் பிழைத்துவிட்டாள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அந்தத் தையலைப் பார்த்தபிறகு எனக்குப் பொய் வரவில்லை.

"இல்லையக்கா. செத்துப்போனவ."

அக்கா தாள்களை நீவி அடுக்கினார்.

"அப்ப படத்தைத் தப்பா எடுத்துட்டாங்க," என்றார்.

மூன்றாவது முடிவை எனக்கு வாசித்துக் காட்டினார். அதில் அந்தப் பெண் கண் விழித்து, முதல் வேலையாகப் பசிக்கிறது என்கிறாள். பத்து வயதில் அழுதுகொண்டு தியேட்டரை விட்டு வந்த எனக்கு அன்றைக்குத்தான் மனம் ஆறியது.

விடுமுறை முடிந்து, விரிவுரையாளரின் மேசையில் ஒரேயொரு வினாக்கொத்தை வைத்தேன். பார்த்த படங்கள் என்ற இடத்தில் பூச்சியம். கூடவே, கதைச் சுருக்கத்தையும் அந்த மூன்றாவது முடிவையும் பார்த்தெழுதிய தாள்கள். பூச்சியத்தைப் பார்த்துச் சிரித்தபடிதான் வாசிக்கத் தொடங்கினார். வாசித்து முடித்தபின், மற்ற இரண்டு முடிவுகளும் எங்கே என்று கேட்டார்.