ஆறு வீடு சுற்றிய கறிச்சட்டி

செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் செய்த முதல் உணவு ஆய்வில் நடந்தவை, வரிசைப்படி:

1. முதல் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு இருந்தது. நிறுத்து எழுதினேன்.
2. இரண்டாம் வீட்டிலும் ஆட்டுக்கறி. எடை சற்றுக் குறைவு.
3. மூன்றாம் வீட்டிலும் ஆட்டுக்கறி. சட்டியின் மூடியில் அதே நெளிசல்.
4. நான்காம் வீட்டுக்குச் சட்டி இன்னும் வந்து சேரவில்லை. அது வரும்வரை என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள்.
5. ஐந்தாம் வீட்டில் சட்டி எனக்கு முன்பே வந்திருந்தது.
6. ஆறாம் வீட்டில் எலும்பும் உருளைக்கிழங்கும் மட்டும் மிஞ்சியிருந்தன.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்வாசல் ஒரே வரிசையில் இருக்கும். நான் முன்வாசல் வழியாகப் போனேன். சட்டி பின்வாசல் வழியாகப் போனது. வழியில் யார் யாரோ ஒரு துண்டு எடுத்திருக்கிறார்கள்.

அது மலாயாவின் அவசரகாலம். எனக்குப் பயிற்சி சிங்கப்பூரில். ஒரு பிற்பகல் வகுப்பில், வெளியிலிருந்து வந்த விரிவுரையாளர் ஒருவர் விமர்சனக் கோட்பாடு பற்றிப் பேசினார். ஆய்வாளர் வானத்திலிருந்து பார்ப்பவரல்ல, அவருக்குப் பின்னால் ஓர் அதிகாரம் நிற்கிறது, அதையும் சேர்த்து ஆராயாத ஆய்வு அரைகுறை என்றார். மதியச் சாப்பாடு பிரியாணி. பாதி வகுப்பு தூங்கியது. நான் தூங்காமல் எழுதி, அடிக்கோடும் போட்டேன். புரியவில்லை. புரிந்தது கையேட்டில் இருந்த விதிதான்: ஆய்வின் நோக்கத்தை வீட்டாரிடம் சொல்லக் கூடாது, சொன்னால் பதில் வளையும்.

நோக்கம் இதுதான். பிள்ளைகளுக்குச் சாப்பாடு போதவில்லை என்று தெரிந்தால், தாய்மார் ரப்பர் வெட்டப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகைக்குப் பால் மாவு கிடைக்கும். இல்லையென்றால் பால் மாவு வேறு தோட்டத்துக்குப் போய்விடும்.

எனக்குப் பின்னால் நின்ற அதிகாரத்தின் பெயர் ஹாசிம். மலாய்க்காரர், தோட்டத்து ஸ்பெஷல் கான்ஸ்டபிள். தோளில் துப்பாக்கி. நல்ல மனிதர்தான். ஆனால் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி இருந்தது. அரிசி பங்கீட்டில்தான் கிடைக்கும். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி போய்விடக் கூடாது என்று கேட்டில் சோதனை. ஆறாம் வீட்டுப் பாப்பாத்தியின் கணவருக்குப் பங்கீட்டு அரிசி முன்கூட்டியே தீர்ந்துவிட்டது. "அரிசி எங்கே போச்சு?" என்று போலீஸ் அவரைக் கொண்டுபோய் விசாரித்து அனுப்பியிருந்தது. அதே மாதம் நான் ஹாசிமோடு போய், படிவத்தின் முதல் கேள்வியைக் கேட்டேன்: "வீட்டில் அரிசி எவ்வளவு இருக்கிறது?"

பாப்பாத்தி வீட்டில் ஹாசிம் மூக்கை உறிஞ்சினார். "மிஸ்ஸி, இந்த லயத்துல எல்லா வீட்டுலயும் இன்னைக்கு ஹரி ராயா பெருநாள் கா?"

பாப்பாத்தி சட்டியை இழுத்து மூடினார்.

"முனியாண்டி பூசை" என்றேன்.

"ஓ, கெண்டூரி லா" என்று பூசை விருந்துக்கான மலாய்ச் சொல்லைச் சொல்லி, அவர் தலையாட்டிவிட்டு வெளியே போனார்.

மலாக்கா ஆபீசில் என் மேற்பார்வையாளர் நடேசன் தாளைப் புரட்டினார். "ஆறு வீட்டுலயும் ஆட்டுக்கறியா! டவுன்ல இருக்கிற எனக்கே தீபாவளிக்கு மட்டுந்தான் லா. இவங்களுக்குப் பால் எதுக்கு?"

"ஒரே சட்டி சார்."

"அப்ப பொய் சொன்னாங்கன்னு எழுது."

அறிக்கையின் ஒரு பிரதி தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பாப்பாத்தியின் பெயருக்குப் பக்கத்தில் 'பொய்' என்று எழுத முடியாது. 'ஆட்டுக்கறி' என்றும் எழுத முடியாது. இன்னொரு தடவை போக அனுமதி கேட்டேன்.

இம்முறை ஹாசிமுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துக் கேட்டருகே உட்காரவைத்தேன். பெண்களைக் கூட்டி, விதியை மீறி, நோக்கத்தைச் சொன்னேன்.

"பால் மாவுக்கா?" என்றார் பாப்பாத்தி. "அடி ஆத்தா! மொதல்லயே சொல்லியிருந்தா அந்த ஆட்ட உசுரோட விட்டிருப்போமே லா!"

மறுநாள் தராசோடு போனேன். எந்தச் சமையலறையிலும் ஒரு மணி அரிசி இல்லை. ஒரு வீட்டில் உப்புச் சாடியைக்கூடக் காணோம். பாப்பாத்தியின் பக்கத்து வீட்டுச் சரசு தன் மகனை என் முன்னால் நிறுத்தி, "வயித்த எக்குடா" என்று கிசுகிசுத்தார். கட்டிலுக்கடியில் அந்த நெளிந்த மூடி தெரிந்தது.

கையேடு சொன்னது சரி. நோக்கத்தைச் சொன்னால் பதில் வளையும். ஆனால் சொல்லாதபோதும் வளைந்ததே! முதல் நாள், சட்டி காலியாக இருந்தால் சாப்பாடு காட்டுக்குப் போனது என்பார்களோ என்று பயந்து போலீசுக்குப் பதில் சொன்னார்கள், இன்று பால் மாவுக்குச் சொல்கிறார்கள். அடிக்கோடு போட்டிருந்த வாக்கியம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அப்ப எப்படித்தான் அளக்கறது? நீங்களே சொல்லுங்க" என்று கூடியிருந்த பெண்களிடம் கேட்டேன்.

"அரிசிய எழுதாத தங்கச்சி. எழுதினா அது கேட்டுப் போலீசுக்குத்தான் போகும்" என்றார் பாப்பாத்தி.

"பிள்ளைங்கள நிறு."

"நிறுத்தா? சரசு எலும்பும் தோலுமா ஒரு பிள்ளைய எரவல் வாங்கிட்டு வந்துருவா!"

"ஏன், ஒன் பிள்ளைய வாங்கிக்கிறேன், குடு!" என்றார் சரசு.

கடைசியில் முடிவானது: ஆயாக் கொட்டகையில், எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக, எல்லாத் தாய்மாரும் பார்க்க நிறுப்பது. அந்தக் காலைக்கு இணையான கண்காணிப்பை நான் எந்த ஆய்விலும் கண்டதில்லை. "ஏண்டி, பிள்ளை சட்டையக் கழட்டு." "கழட்டினா எடை கொறையும், எனக்கு லாபந்தான்." "அப்ப போட்டு விடு!" எல்லாரும் கழற்றினார்கள். எடைகள் குறைவாகத்தான் இருந்தன. எக்கச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

அறிக்கையில் பெயர்களையும் வீட்டு எண்களையும் நீக்கினேன். படிவத்தில் இரண்டு கட்டங்களைச் சேர்த்தேன். ஒன்று: பதில் சொல்லும்போது அருகில் நின்றவர் யார்? மற்றது: நாம் எதற்கு வந்தோம் என்று வீட்டார் நினைத்தார்கள்?

நடேசன் படித்தார். "இது ஆய்வா, ஊர்வம்பா?"

"முதல் தடவை விருந்து, அடுத்த தடவை பட்டினி. ஏன்னு மேல கேட்டா நீங்க என்ன சார் சொல்வீங்க?"

அவர் தாளை மறுபடி முதல் பக்கத்துக்குப் புரட்டினார். "அந்த ஆட்டுக்கறிய மட்டும் எடுத்துரு லா."

"முடியாது சார். நிறுத்து எழுதியாச்சு."

கையெழுத்துப் போட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு வீட்டில் கேள்வி கேட்குமுன், அதே கேள்வியை அந்த வீட்டில் கடைசியாகக் கேட்டவர் யார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய நிலை: கொட்டகைக்குப் பால் மாவு வருகிறது. அந்த இரண்டு கட்டங்களும் படிவத்தின் கடைசியில் இருக்கின்றன. அரிசிக் கேள்வி இன்னும் முதல் கேள்வியாகவே இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி நான் எழுதியதற்குப் பதில் வரவில்லை. பாப்பாத்தியின் கணவரை மறுபடி யாரும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை.