முதலாளி விழிக்கும் நேரம்

கலியபெருமாளின் அப்பா மில்லில் தறி ஓட்டியவர். காலமெல்லாம் அந்தச் சத்தத்தில் நின்றதில் கடைசியில் இரண்டு காதும் போய்விட்டது. வீட்டில் யாராவது சிரித்தால் தானும் சிரிப்பார், எதற்கென்று தெரியாது. ஒருநாள் தன் தங்கை இறந்துபோன சேதியைச் சொல்ல வந்தவர்களைப் பார்த்தும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு கலியபெருமாளை உலுக்கிவிட்டது. கை போகட்டும், கால் போகட்டும், காது மட்டும் போகக்கூடாது என்று அன்றைக்கே சாமியிடம் வேண்டிக்கொண்டார்.

அவர் மில்லுக்குப் போகவில்லை. முதலியார்பேட்டையில் ஒரு பார்சல் ஆபீசில் புக்கிங் கிளார்க்காகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்துப் போனது. கடலூர் ரோட்டு லாரி இரைச்சலைத் தவிரக் காதுக்கு அங்கே ஓர் ஆபத்தும் இல்லை. போன தீபாவளி கழிந்து சக்கரபாணி மேனேஜராக வந்தான்.

ஆபீஸ் முதலாளி ஜான்-பத்திஸ்த், புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய் அந்த ஊரிலேயே தங்கிவிட்டவர். ஆபீசில் எல்லாருக்கும் அவர் 'முசியே'. வருடம் ஒருமுறை ஆகஸ்ட்டில் வருவார். ஆளுக்கொரு சாக்லேட் டப்பா, தோளில் ஒரு தட்டு, "வீட்ல எல்லாம் சௌக்கியமா?" என்று ஒரு விசாரிப்பு. மற்ற நாளெல்லாம் பிரான்சில் இருந்தபடியே செல்போனில் ஆபீஸ் கேமராவைப் பார்ப்பார். படம் பதிவாகும் பெட்டி கெட்டுப்போய் வெகுநாளாகிறது, அந்த நேரத்தில் பார்த்தால்தான் உண்டு. காலையில் எழுந்ததும் வாட்ஸ்அப் குழுவில் 'போன்ழூர்' என்று பிரெஞ்சில் ஒரு வணக்கம் போடுவார். அங்கே விடிந்து அது வந்து சேர இங்கே உச்சிவேளை நெருங்கிவிடும்.

இந்தக் கணக்கைச் சக்கரபாணி ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டான். சென்னை லாரி எங்கே வருகிறது என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பான், இதெல்லாம் நன்றாகத் தெரியும். போன்ழூர் வரும்வரை அவன் ராஜ்ஜியம். ஸ்டேப்ளர் பறக்கும். பில் போடும் தாமரைச்செல்வியின் டிபன் பாக்ஸை ஒருநாள் எட்டி உதைத்தான், சோறு தரையெல்லாம் சிதறியது. லோடு ஏற்றும் வினோத்குமாரின் உதடு கிழியாத வாரமில்லை. போன்ழூர் வந்ததோ இல்லையோ, குரல் குழைந்துவிடும். "தாமரை, சாப்டியாம்மா?" என்பான். அதைக் கேட்கிறபோதுதான் எல்லாருக்கும் வயிறு இன்னும் அதிகமாக எரியும்.

அடிக்கும் இடம் ஹாலின் மூலையில் இருந்த இரும்பு பீரோவுக்குப் பின்னால். அங்கே கேமரா எட்டாது, கவுண்டருக்கு வருகிறவர்களுக்கும் தெரியாது. சக்கரபாணி விரலை மடக்கிக் கூப்பிடுவான். கூப்பிட்டவர் தானே நடந்து போய், வாங்கிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு தானே வந்து உட்கார வேண்டும். வருகிறவர் முகத்தை மற்றவர்கள் பார்க்கக்கூடாது. இந்தச் சட்டத்தை யாரும் போடவில்லை, எல்லாருமாகச் சேர்ந்து பழகிக்கொண்டார்கள். வெட்கக்கேடு.

பொங்கல் சமயத்தில் ஒரு பார்சல் மாறிப்போனது. மாற்றி அனுப்பச் சொன்னதே சக்கரபாணிதான். பீரோவுக்குப் பின்னால் கலியபெருமாளின் இடது காதில் அறைந்த அறையில் சட்டைக் காலர் வரை ரத்தம் வழிந்தது. காது ஜவ்வு கிழிந்துவிட்டது, இனி அந்தப் பக்கம் கேட்காது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். வலது காதும் பலவீனமாக இருக்கிறது, அதில் ஓர் அடி பட்டால் அவ்வளவுதான் என்றும் சொன்னார்.

"வேலைய உட்டுட்டு வந்துடுங்க. கஞ்சி குடிச்சாலும் பரவால்ல" என்று அழுதாள் மனைவி ஜெயம்.

"முசியேக்குத் தெரியாது ஜெயம். ஒருநாள் கண்ணால பாத்தாருன்னா உடமாட்டாரு."

"அந்த வினோத்து போன் பண்ணிச் சொன்னானே?"

"மேனேஜர்கிட்ட பேசுன்னுட்டாரு. காதால கேக்கறது வேற, கண்ணால பாக்கறது வேற."

அவர் அப்படித்தான் நம்பினார். தோளில் தட்டிய கையை அத்தனை வருடமாக நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையில் ஒரு திட்டமும் வைத்திருந்தார். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரான்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அதற்குப் பிறகு போன்ழூர் நமக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடும். பழைய ஆள் கலியபெருமாளுக்கு அது வருடா வருடம் பார்த்த சங்கதி. சக்கரபாணிக்கோ இதுதான் முதல் மார்ச்.

அந்தத் திங்கட்கிழமை லாரியிலிருந்து இறங்கிய மரப்பெட்டி ஒன்றில் கண்ணாடி நொறுங்கியிருந்தது. வினோத்குமார் சுத்தியலால் ஆணியைப் பிடுங்கிப் பெட்டியைத் திறந்து காட்டினான். சக்கரபாணி பீரோ பக்கம் நின்று கலியபெருமாளைப் பார்த்து விரலை மடக்கினான்.

கலியபெருமாள் நகரவில்லை. ஹாலின் நடுவில், கேமராவுக்கு நேர் கீழே நின்றார்.

"டேய் செவுடா, ஒன்னத்தான்!"

"இங்கியே அடிங்க சார்."

தாமரைச்செல்வியின் கை கீபோர்டில் நின்றுவிட்டது. சக்கரபாணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். முதலாளி எழுந்திருக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று முகத்திலேயே தெரிந்தது. பாய்ந்து வந்தான். கலியபெருமாள் செத்துப்போன இடது காதை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். முதல் அறையில் மூக்குக் கண்ணாடி தெறித்து விழுந்தது. இரண்டாவதில் மூக்கில் ரத்தம் வந்தது. வயிற்றில் உதை விழுந்து மண்டி போட்டார். மண்டி போட்டபடியே நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். பாருங்க முசியே, நல்லா பாருங்க என்று மனசுக்குள் கதறினார்.

சக்கரபாணியின் போன் அடித்தது. வீடியோ கால். கலைந்த தலையோடு திரையில் முதலாளி. சக்கரபாணியின் முகம் வெளுத்தது. கலியபெருமாளுக்கு அந்த வலியிலும் சந்தோஷம் தாங்கவில்லை. கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்றே நினைத்தார்.

"என்ன சக்கரபாணி இது? கஸ்டமர் வர்ற ஹால்லயா அடிப்பாங்க? பீரோ பின்னாடிதான கூட்டிக்கினு போவ? தெனம் படுக்கையில இருந்தே பாத்துக்கினுதான இருக்கேன், இன்னிக்கு என்ன புதுசா?"

போன் அணைந்தது.

கலியபெருமாளின் வலது காது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. சாமியிடம் வேண்டிக் காப்பாற்றிய காது. இதைக் கேட்கத்தானா?

சக்கரபாணிக்கு உயிர் வந்துவிட்டது. இளித்தான். "கேட்டியாடா? நட, பீரோ பின்னாடி" என்று ஒரு கையைக் கவுண்டரில் ஊன்றிக்கொண்டு, மற்ற கையால் அவர் காலரைப் பிடித்துத் தூக்கினான்.

பெட்டிமேல் கிடந்த சுத்தியல் எப்போது தன் கைக்கு வந்தது என்று கலியபெருமாளுக்கு இன்றைக்கும் தெரியாது. கவுண்டரில் ஊன்றியிருந்த அந்தக் கையில் இறக்கினார். எலும்பு முறியும் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. சக்கரபாணி அலறினான். மறுபடி இறக்கினார். மாசக்கணக்கில் பார்க்காமல் பழகிய கண்களெல்லாம் இப்போது பார்த்தன, ஒருவரும் தடுக்கவில்லை. மூன்றாவது முறை ஓங்கியபோது சக்கரபாணி மற்ற கையால் கவுண்டரில் இருந்த எடைக்கல்லை எடுத்துக் கண்மூடித்தனமாக வீசினான். அது வலது காதோடு சேர்த்து மண்டையில் பட்டது.

கீழே விழுந்தவர் விழுந்த இடத்திலிருந்தே கேமராவைப் பார்த்துக் கத்தினார்: "பாத்துக்கினே இருங்க முசியே! படுத்துக்கினே பாருங்க!"

தான் கத்தியது தனக்கே கேட்கவில்லை.

போலீஸ் கேஸ் ஆகவில்லை. ஊரெல்லாம் சிரிக்கும் என்று முதலாளியே அமுக்கிவிட்டார். விரல்கள் மடங்காத கையோடு சக்கரபாணி எங்கோ போய்விட்டான். கலியபெருமாள் வீட்டில் இருக்கிறார். ஜெயம் பேசினால் உதட்டைப் பார்க்கிறார், பாதி புரிகிறது.

ஆகஸ்ட்டில் ஜான்-பத்திஸ்த் வீடு தேடி வந்தார். சாக்லேட் டப்பாவைக் கையில் கொடுத்து, தோளில் தட்டி, நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார். ஜெயம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நடுவில் முதலாளி என்னமோ சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரித்தபடியே கலியபெருமாளின் முகத்தைப் பார்த்தார்.

கலியபெருமாள் சிரிக்கவில்லை. டப்பாவை அவர் மடியில் திருப்பி வைத்துவிட்டு, எழுந்து வாசற்கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.